எண்பத்து நான்காம் பக்கம்

டேக்கா சந்தையில்
கத்திரியும் வெண்டையும் நிறுத்து முடித்ததும்
பைக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலை விழுமே,
யாரும் விலை கேட்காமல், யாரும் விலை சொல்லாமல்,
அப்படித்தான் விழுந்தது
பெண்கள் கூடைப்பந்து லீக்
ஆண்கள் கால்பந்து ஒப்பந்தத்தின்
எண்பத்து நான்காம் பக்கத்தில்.

தட்டச்சு செய்தவள் நான்தான்.
மூன்று பருவங்கள். ஐம்பத்தாறு ஆட்டங்கள்.
தொலைக்காட்சி, இணையம், கைப்பேசி,
இனிமேல் கண்டுபிடிக்கப்படக்கூடிய ஊடகங்கள் அனைத்தும் சேர்த்து.
கட்டணம் என்ற கட்டத்தில்
பூஜ்யம் வெள்ளி.
புள்ளி வைத்து இன்னும் இரண்டு பூஜ்யம் போட்டேன்,
மரியாதைக்கு.

புவன விஸ்தா, பதினோராம் மாடி.
குளிர்சாதனம் எலும்பைத் தேடிவரும் அறை.
கம்பளிச் சட்டைக்குள் இருந்தபடி
வெயில் காயும் ஊரைப் பார்ப்பது என் வேலையில் பாதி.
மீதிப் பாதி அகற்றுவது.
எங்கள் காட்சியை யாராவது எடுத்துப் போட்டால்
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்.

அரையிறுதி காலாங்கில் நடந்தது.
கூடுதல் நேரம்; நாற்பது விநாடி மிச்சம்.
மணி ஒன்பதரை.
ஒன்பதரைக்கு எங்களுக்கு வேறு வேலை இருந்தது.
அரை மணி கழித்து ஆண்கள் ஓடப்போகும் புல்லை,
வேறொரு கண்டத்தின் புல்லை,
ஆளில்லாமல் நனைந்துகொண்டிருந்த புல்லைக்
காட்டவேண்டும்.
காட்டினோம்.
ஈசூன் கோப்பிக்கடையில்
கோப்பி-ஓவை ஆற்றிக்கொண்டிருந்த ஒருவர்
"பந்து எங்க லா?" என்று சுவரைக் கேட்டாராம்.

திங்கள் காலை, வழக்கு எண் 4471.
பதினோரு விநாடி.
மேல்வரிசையிலிருந்து யாரோ
கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது.
ஒரு தொப்பி பாதித் திடலை மறைக்கிறது.
குவெக் சூ லிங் விழுகிறாள்,
விழுந்தபடியே பந்தைத் தள்ளிவிடுகிறாள்.
பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கும் தட்சாயினி
முழங்காலில் பழுப்பு நாடா பிரிய
எம்புகிறாள்.
பந்து வளையத்தின் மேல் சுற்றுகிறது,
வாடகைக்கு அறை பார்க்க வந்தவர்போல்
ஒருமுறை, ஒன்றரை முறை,
உள்ளே போகுமா என்று தெரியுமுன்
எடுத்த கை துள்ளிவிடுகிறது.
பிறகு கூரை. விளக்கு.
யாருடைய தங்கையோ
அக்கா அக்கா என்று தொண்டை கிழிய.

முடிவுப் பட்டியலில் ஒரு வரி உண்டு: 71-70.
மற்றபடி உலகத்தில் இதற்குச் சாட்சி
இந்தக் கோணல் காணொளி மட்டும்தான்.
எங்கள் கேமராக்காரர் அதற்குள்
கம்பியைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.
நாங்கள் எடுக்காதது.
நாங்கள் காட்டாதது.
ஆனாலும் எங்களுடையது, பத்தி ஏழின்படி.
காட்டும் உரிமை வாங்கியவருக்குக்
காட்டாமலிருக்கும் உரிமையும் வந்துசேர்கிறது,
கொசுறுக்குக் கொசுறு.

பத்தொன்பது முறை பார்த்தேன்.
பந்து ஒருமுறைகூட உள்ளே போகவில்லை,
அத்தனை முறையும் அவர்கள் ஜெயித்தார்கள்.
ஐந்து ஐம்பதுக்கு அகற்றினேன்.
வீட்டுக் கடன் இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கிறது,
வீரம் பேச எனக்கு வாயில்லை.
அந்த இடத்தில் ஒரு சாம்பல் சதுரம் வந்தது:
உரிமையாளரின் வேண்டுகோளுக்கு இணங்க.
உரிமையாளர்
பெருவிரைவு ரயிலில் கம்பியைப் பிடித்தபடி
புக்கிட் பாத்தோக் வரை நின்றுகொண்டே போனாள்.

இது ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம்.
பழையதையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றச் சொன்னார்
திரு. ஓங்.
மாற்றினேன்.
எண்பத்து நான்காம் பக்கத்தில்
பூஜ்யங்கள் மூன்றையும் அழித்தேன்,
புள்ளியையும்.
வேறெதுவும் எழுதவில்லை.

மதியம் அழைத்தார்.
இங்கே ஓர் எண் விட்டுப்போயிருக்கிறதே.

ஆமாம் என்றேன்.

அவர் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.
முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம்.
தொண்டையைச் செருமினார்.

எவ்வளவு
என்றார்.