முப்பத்திநாலு

துவாயில் சிவப்பு நூலால், கோப்பையில் ஆணியால்:
34.
ஆறு வருசம் அதுதான் நான்.
கொடியில் காய்ந்த துவாயில்
நாலை மட்டும் மான் தின்றுவிட்டுப் போன கிழமை
"மூன்று, மூன்று" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

கடிதங்களை மிஸ் எமல்டா வாசித்த பிறகுதான் ஒட்டுவா.
"நான் நல்ல சுகம்" என்று எழுதப் பழகினேன்.
சொறியும், பருப்பில் மிதந்த வண்டும்,
போர்வைக்குள் யோகமலர் அழுததும்
முத்திரை ஏறவில்லை.

மேல்மாடி ஜன்னலால் பார்த்தால்
கொட்டியாரக் குடாவுக்கு அங்கால மூதூர் விளக்குகள்.
அதில் ஒன்று எங்கட வீடு என்று
சிஃபானாவோடு பந்தயம்.
அவள் கிண்ணியா;
அவளுடைய விளக்கு வேறு ஜன்னலில்.
ஒரு மணித்தியால லாஞ்ச்தான்.
தவணைக்கு ஒருக்காத்தான்.

இப்போது பட்டம் சுவரில். நியமனம் வரவில்லை.
இரவானால் கரைக்கு வந்து
திருகோணமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
ஒன்பதரைக்கு அங்கே விளக்கணைப்பு.
எது விடுதி என்று இங்கிருந்து தெரியாது.
ஏதோ ஒன்று அணையும்வரை
நித்திரை வருவதில்லை.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"
படலையடியில் அம்மா.

"நல்ல சுகம்" என்கிறேன்,
வாசித்துவிட்டு யாரோ ஒட்டப்போவதுபோல.