எங்கே முடிகிறது கண்ணாடி

லீபாயாவில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள் மட்டும்
இன்னும் வேலைநேரத்தில்.
விஸ்மாவும் நானும் பழைய பீங்கான், கண்ணாடி விற்கிறோம்.
காலிசெய்த வீடுகளிலிருந்து வருகின்றன
செய்தித்தாள் சுற்றிய பெட்டிகள்.

விற்பனைத் தளத்தின் விதி:
படத்துக்குப் பின்னணி கூடாது.
எங்கள் பின்னணியோ
பூப்போட்ட மேசைவிரிப்பு, ரேடியேட்டர்,
அதன்மேல் காயும் என் காலுறை.

மூன்று மென்பொருள்களை இறக்கிப் பார்த்தோம்.

முதலாவதற்கு ஒரு சொடுக்குப் போதும்.
தேநீர்க் கெண்டியை அலுங்காமல் தூக்கித் தந்தது,
கைப்பிடி வளைவுக்குள்
மேசைவிரிப்பின் நீலப்பூ ஒன்றை மட்டும் விட்டுவைத்து.
பதினைந்து நாள் இலவசம்,
பிறகு மாதம் பன்னிரண்டு யூரோ.
"நிறுத்த மறப்பவர்களை நம்பித்தான் கடை நடத்துகிறார்கள்"
என்றாள் விஸ்மா.

இரண்டாவது என்றைக்கும் இலவசம்.
திறந்தால் விமானி அறை.
எந்தப் பொத்தானைத் தொட்டால் எது விழுமோ.
கையில் ஒரு பேனாவைக் கொடுத்து
புள்ளி புள்ளியாய் நீயே சுற்றி வா என்றது.

மூன்றாவது உலாவிக்குள் ஓடுவது.
எங்கோ அனுப்பி, எங்கோ வெட்டி,
மூலையில் தன் பெயரைக் குத்தித் திருப்பித் தந்தது.

பீங்கானுக்கு எது வேண்டுமானாலும் சரி.
பீங்கானுக்குத் தன் எல்லை தெரியும்.

பிறகு வந்தது கரோஸ்தா ஐந்தாம் மாடியிலிருந்து
ஒரு தண்ணீர்ச் சாடி.
நிறமில்லை, பூவேலை இல்லை,
தொட்டால்தான் இருக்கிறது.

முதல் மென்பொருள் வெகுநேரம் யோசித்தது.
சாடியை எறிந்துவிட்டு
நிழலை வைத்துக்கொண்டது.
மூன்றாவது, சாடியை ரேடியேட்டரோடு தந்தது.
வளைந்து நெளிந்து நீந்தியது உள்ளே
என் காலுறை.

இல்லாததைக் காட்ட
எல்லாரும் விரிப்பது ஒரே துணிதான்:
சாம்பல், வெள்ளை, சாம்பல், வெள்ளை.
காய்களே வைக்காத சதுரங்கம்.
நான் அதை ஜேபெக்கில் சேமித்தேன்.
கட்டமெல்லாம் கறுத்துப்போனது.
"பிஎன்ஜி! எத்தனை தடவை சொல்வது?"
அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய
மிக நீண்ட வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

எனக்கும் எரிச்சல்.
கண்ணாடியின் வயிற்றில் நிற்பதெல்லாம்
அதற்குப் பின்னால் நிற்பதுதானே?
அதை எடுத்துவிட்டு எதை விற்பாய்?

அவள் பதில் சொல்லாமல் பேனாவை எடுத்தாள்.
இரண்டு இரவு.
விளிம்பில் நூற்றுப்பதினாறு புள்ளிகள்,
நடுவயிற்றை நாற்பது விழுக்காடு கரைத்து,
ஒளி விழுந்த இடங்களைத் தொடாமல்.
எண்ணூறு மடங்கு பெரிதாக்கிக்
கழுத்துப் பக்கம் வந்தபோது நிறுத்தினாள்.

ஜன்னல் இல்லை அது.
கேமராவைப் பிடித்திருக்கும் அவள்.
அவள் முதுகுக்குப் பின்னால் கதவு.
கதவில், எறும்பளவு, நான்.
கோட்டு மாட்டியிருக்கிறேன். கையில் பை.
பெரிய பை.

படம் எடுத்தது செவ்வாய்க்கிழமை.
அன்று நான் ரயில் நிலையம்வரை போய்
ரீகா வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டு
பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.
பால் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"இதை அழிக்கவா?"

ரேடியேட்டர் ஒருமுறை முனகியது.
"உன் இஷ்டம்" என்றேன்.
அதுவும் ஒரு பதில்தான் என்பதுபோல்
சேமித்தாள். பிஎன்ஜி.

தார்த்துவிலிருந்து ஒருவர் எழுதினார்:
கழுத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதே,
விரிசலா?
விஸ்மா ஏதோ எழுதினாள், அழித்தாள்,
மறுபடி எழுதினாள், அழித்தாள்.
கடைசியில் போனது ஒரே சொல்: "இல்லை."

சாடி விற்றது. பதினெட்டு யூரோ, தபால் தனி.
பதினான்காம் நாள் இரவு
அவள் எழுப்பினாள்,
முதலாவதை நிறுத்தினோம், மறக்காமல்.