பகல் தூக்கம்

பாயான் லெப்பாஸில் எங்கள் அறைக்கு
ஒரே ஜன்னல், ஏழு பெண்கள், மூன்று ஷிஃப்டு.
இரவு வேலை முடித்தவள் வந்து சாயும்போது
பகல் வேலைக்காரியின் சூடு
மெத்தையில் ஆறியிருக்காது.

பகலில் தூங்க இருட்டு வேண்டும்.
ஆகவே ஜன்னலுக்கு அட்டை, அட்டைக்கு மேல் டேப்.
தொழிற்சாலைப் பெட்டியைக் கிழித்த அட்டைதான்:
ஈரம் படக்கூடாது என்று அச்சடித்தது
எங்கள் மூச்சிலேயே ஊறித் தொய்ந்துவிட்டது.

வேலையில் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
முகமூடி, கையுறை.
எங்கள் தும்மல் ஒன்று
சில்லின் மேல் விழுந்துவிடக்கூடாதாம்.
அங்கே காற்றைச் சலித்துச் சலித்து விடுவார்கள்,
சில்லுக்கு.

புகைமூட்ட மாதத்தில் புனிதமலர் இருமினாள்.
எல்லாரும்தானே இருமுகிறோம் என்று இருந்தோம்.
புகை போயிற்று, இருமல் போகவில்லை.
சிலுவாருக்கு ஊக்கு குத்தினாள்.
ஒரு விடியலில், சிங்க்கில் சிவப்பாய் ஒரு பொட்டு.

அன்றே அவள் தட்டு தனி, கரண்டி தனி, வாளி தனி.
கோப்பைக்கு அடியில்
நெயில்பாலிஷால் புள்ளி வைத்தது நான்.
ஜன்னலை ஒருத்தியும் தொடவில்லை.

கிளினிக்கிலிருந்து வந்த மிஸ்ஸி ரொஹாயா
கோப்பையைக் கண்டுகொள்ளவே இல்லை.
சாமிப் படத்தடியில் இருந்த ஊதுபத்தியைக் கேட்டு வாங்கி
அறை நடுவில் பற்றவைத்தார். உடனே அணைத்தார்.
புகை எழுந்து விளக்கடியில் தங்கிற்று.
எங்கள் பெயர், வயது, எடை எல்லாம் எழுதி முடித்தும்
தங்கியே இருந்தது.
"இருமினவள் எழுந்து வேலைக்குப் போய்விடுவாள்.
அவள் இருமல் போகாது. அடுத்தவள் வந்து படுப்பாள்."
கோப்பையில் ஒன்றுமில்லை, என்றார்.
பிறகு அட்டையைப் பிய்த்தார்.

கடல் காற்று வந்தது. கூடவே
விமானம், லாரி, எதிர்வீட்டு நாய்.
யார் தூங்குவது என்று சண்டையும் வந்தது.
ஜெயக்கொடி பழைய கைலியைக் கிழித்து
ஏழு கண்பட்டைகள் தைத்தாள்.
எங்கள் நெஞ்சை எல்லாம் படம் எடுத்தார்கள்;
ஜெயக்கொடிக்கும் மாத்திரை எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து புனிதமலர்
மூன்றாம் வாரம் திரும்பினாள்.
இனி ஒட்டாது, ஆனால் ஆறு மாதம் மாத்திரை,
ஒரு நாள் தவறக்கூடாது.
ஒண்ணுக்குக்கூட ஆரஞ்சாய்ப் போகுதடி, என்று சிரித்தாள்.

நான் அதற்குள் அசிட்டோன் போட்டுத் தேய்த்திருந்தேன்.
முழுக்கப் போகவில்லை.
மைலோவைக் குடித்து முடித்து
கோப்பையைக் கவிழ்த்தாள், பார்த்தாள்,
ஜன்னலோரக் கட்டில் எனக்கு, என்றாள்.