களிம்பு

நாலு மணி நேரம் அடியில் கிடந்ததாம்.
டிரெய்லரில் வந்து நின்றபோதும்
வயிற்றுத் துளை வழியே ஏரி ஒழுகிக்கொண்டிருந்தது,
வில்யாரிக்காவின் கருமணலோடு.

"பையன் கவிழ்த்துவிட்டான்" என்றார் எவாரிஸ்தோ.
"செலவு அவன் சம்பளத்தில்.
நீ பில்லை மட்டும் போடு, நேலிதா."
லியெந்தூர் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் நின்று
தன் ஈரச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிப்ரவரி. சீசன் முடியப் பதினோரு நாள்.

பிளக் இரண்டையும் கழற்றி
துளைகள்மேல் துணி போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.
குடித்ததையெல்லாம் கக்கியது ஜெட் ஸ்கி.
துணியை மீறி என் முகத்தில்
பெட்ரோல், எண்ணெய், ஏரி, கொஞ்சம் பாசி.
மறுபடி. மறுபடி.
வெறும் காற்று வரும்வரை.

கம்ப்ரெஷன் இரண்டிலும் சமம்.
ஓடும்போதே தண்ணீரை விழுங்கும் எஞ்சின்
உள்தண்டை வளைத்துக்கொள்ளும்.
இது வளைத்துக்கொள்ளவில்லை.
அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.
யோசிக்கவில்லை. பசி.

கார்புரேட்டரைக் கழுவினேன்.
புது பெட்ரோல். புது பேட்டரி.
கயிற்றுச் சாவியை மாட்டினால் இரண்டு பீப்.
பட்டனை அழுத்தினால்
சுற்றுகிறது, சுற்றுகிறது,
பற்றவில்லை.

பொறி பார்க்க இருட்டு வேண்டும்.
ஷெட் விளக்கை அணைத்து
பிளக்கை இரும்பில் தொட்டுப் பிடித்தேன்.
ஒன்றுமில்லை.
ஜன்னலில் எரிமலையின் வாய் மட்டும் சிவந்திருந்தது.
அதனிடம் இருக்கிறது, இதனிடம் இல்லை.

மல்டிமீட்டரோடு வீடு வீடாகப் போனேன்.
காயில்? சரி.
நிறுத்தும் சுவிட்ச்? சரி.
சாவிக் கம்பம்? சரி.
எல்லோரும் யோக்கியர்கள்.

மின்பெட்டி மூடிக்கு நான்கு திருகு,
ஒன்று தலை மழுங்கியது.
ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில்
நீல டேப்.
எவாரிஸ்தோவின் படகுகளில் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும்
அதே நீல டேப்.
உள்ளே, எர்த் வயர் கடிக்கிற இடத்தில்
பச்சைக் களிம்பு.
நகத்தால் சுரண்டினேன், அடியில் இன்னொரு பச்சை.
அதற்கும் அடியில் கறுப்பு.

நாலு மணி நேரத்தில் விளைகிற பயிரில்லை இது.
போன மழைக்காலமாவது இருக்கும்.
லியெந்தூர் வேலைக்குச் சேர்ந்தது டிசம்பரில்.

காலையில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"அணைந்துபோச்சு. கைப்பிடியைத் திருப்பினேன்.
திரும்பவில்லை.
சுற்றுலாப் படகின் அலை பக்கவாட்டில் வந்தது."
இதை முதல் நாளே சொன்னானாம்.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

பின்னால் தண்ணீரைத் தள்ளினால்தான் இது திரும்பும்.
தள்ளுவது நின்றால்
கைப்பிடி வெறும் நாற்காலிக் கை.
வாடகைக்கு எடுப்பவர்களுக்கெல்லாம்
அவனே தினமும் நாற்பது தடவை சொல்கிற பாடம்.
கவிழ்ந்து எஞ்சின் அணையவில்லை.
அணைந்து, பிறகு கவிழ்ந்தது.

மணல்தாள், வினிகர், புது முனை, கிரீஸ்.
மறுபடி இருட்டாக்கினேன்.
டிக்.
நீலம். மெலிந்த, கோபமான நீலம்.
லியெந்தூர் "ஓ" என்றான்,
பிறகு வாயை மூடிக்கொண்டான்.

பில்லில் எழுதினேன்:
எர்த் இணைப்பு, களிம்பு, பழையது.
பழையது என்பதன் கீழ் இரண்டு கோடு.
கழற்றிய பச்சைத் திருகை
அவர் டேப்பாலேயே பில்லில் ஒட்டினேன்.

எவாரிஸ்தோ படித்தார்.
திருகைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
பணத்தை எண்ணி வைத்தார், ஒரு வார்த்தை இல்லை.
சம்பளத்தைப் பற்றி நானும் கேட்டிருக்கலாம்.
டிரெய்லர் கிளம்பி மேட்டில் ஏறும்வரை
விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அது சோப்புக்குப் போகாது.
எனக்குத் தெரியும்,
என் நகத்தடியிலும் இருக்கிறது.