பதினொன்றாவது அழைப்பு

இரவு ஒன்பது நாற்பது. போடிமெட்டில்
கம்பிவேலி தெரியவில்லை, அவ்வளவு பனி.
கீழே போடியிலிருந்து மலையேறும் மைக்ரோவேவ்
மைனஸ் எழுபது, எழுபத்துநாலு என்று
நனைந்து நனைந்து இளைத்துக்கொண்டே வந்தது.
தட்டைத் திருகிப் பார்த்தாயிற்று. கோணல் இல்லை.
நடுவில் நிற்கிற மழைதான் தடிமன்.

இணைப்பு அறுந்த கோபுரம் லேசில் சாகாது.
பேட்டரி இருக்கும்வரை நாலு கோடும் காட்டும்.
பின்னால் ஆள் இருக்காது.
கைபேசிகளுக்கு அது தெரியாமல்
விளக்கு எரிகிறதே என்று
பூட்டிய கடை வாசலில் விடியவிடிய நிற்கும்.
அறுவதற்குள் நானே மங்கியாக வேண்டும்.

பூப்பாறை ரெஜிமோனைக் கூப்பிட்டேன்.
அவனுக்கு மண்ணுக்கடியில் ஃபைபர், மழை கணக்கில்லை.
"எத்ர பேருண்டு?"
"பதினொன்னு."
"விட்டோ, ஞான் பிடிச்சோளாம்."

அண்டைக் கோபுரப் பட்டியலில்
எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் கூடாதென்று
மதுரை அலுவலகம் அழித்திருந்தது.
போன வெள்ளிக்கிழமை திரும்ப எழுதிவைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு டெசிபல் குறைத்தேன். மூன்று பேர் போனார்கள்.
இன்னொன்று. ஐந்து பேர்.
அப்புறம் செக்போஸ்ட் பக்கம் இரண்டு பேர்,
"சாப்பிட்டியா"வுக்கும் "ம்"முக்கும் நடுவில்
கோபுரம் மாறியது அறியாமல்.

பதினொன்றாவது மட்டும் நகரவில்லை.
ஐம்பத்திரண்டு நிமிடமாக யாரோ
கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, பாறை மறைவில்.
பூப்பாறை அங்கே எட்டாது.
என்ன பேச்சோ.
என் திரையில் அது பச்சையாக ஒரு வரி, அவ்வளவுதான்.
சண்டையாக இருக்கலாம். ஏலக்காய் விலையாக இருக்கலாம்.

"ரெஜி, கொஞ்சம் தலையைக் குனியேன்."
ஆண்டெனாவை இரண்டு பாகை சாய்த்தான்.
இணைப்பு எண்பத்தொன்று.
இன்னும் ஒரு பாகை.
கடைசி டெசிபல்மேல் விரலை வைத்துக்கொண்டு
எச்சில் விழுங்காமல் உட்கார்ந்திருந்தேன்.
பச்சை வரி காணோம்.
போச்சா, போய்ச் சேர்ந்ததா?
"கிட்டி" என்றான்.

கோபுரத்தை அணைத்தேன். விசிறி நின்றது.
அதன் பிறகுதான் மழைச் சத்தமே கேட்டது.
சட்டைப் பையில் என் கைபேசி துடித்தது:
கேரளம் தங்களை வரவேற்கிறது.
தமிழ்நாட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி
இரண்டு தரம் படித்தேன்.

காரணம் என்ற கட்டத்தில் 'மழை' என்று எழுதினேன்.

பதினொன்றரைக்கு ரெஜிமோன் அழைத்தான்:
"அயாள் இப்பழும் வெச்சிட்டில்லடா."