கோஸ்தான்

விடிகாலை மூன்று மணிக்கு
செலாயாங் பாசார் போரோங்கில்
எல்லா லோரிகளும் ஒரே குரலில் பின்னால் வரும்.
பீப் பீப் பீப்.
எது யாருடையது என்று தெரியாததால்
யாரும் திரும்புவதில்லை.
'கோஸ்தான், கோஸ்தான், லாகி' என்று கத்துகிறவன்
எனக்குத்தான் கத்துகிறானா
பக்கத்துத் தக்காளி லோரிக்கா என்பது
இடித்த பிறகு தெரியும்.

இடிக்கவில்லை. ஒரு சாண்.
கண்ணாடியில் முதலில் தள்ளுவண்டியின் கைப்பிடி,
பிறகு அதைப் பிடித்திருந்த விரல்கள்.
குதித்து இறங்கி
வாயில் வந்ததை மூன்று மொழியில் கொட்டினேன்.
அவன் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
'அவனுக்குக் காது கேக்காதுங்க'
என்றாள் தராசுக்குப் பின்னாலிருந்து கோமளவல்லி.
'பர்மாக்காரன். பேரு தெய்ன்.
பேரு நாங்க சொல்லிக்கிறதுதான்,
அவன் அதைக் கேட்டதே இல்ல.'

ஞாயிற்றுக்கிழமை ஜாலான் பாசாரில்
மின்னும் மஞ்சள் விளக்கு இரண்டு வாங்கினேன்.
பன்னிரண்டு வோல்ட்.
என் லோரி இருபத்துநான்கு.
நான் கேட்கவுமில்லை, ஆ கியோங் சொல்லவுமில்லை.
ரிவர்ஸ் போட்டதும் ஒரு நொடி
தீபாவளி.
அப்புறம் வந்த நாற்றத்தில்
டயருக்கடியில் படுத்திருந்த பூனை எழுந்து போனது.

இரண்டாவது தடவை சரியான விளக்கு,
தவறான அவசரம்.
ரிவர்ஸ் வயரைக் கீறி அதிலேயே நேராக முறுக்கினேன்.
இரண்டு நாள் மின்னியது.
மூன்றாம் நாள் முட்டைகோஸ் இறக்கும் நேரத்தில்
பியூஸ் போய்,
புதியவற்றோடு பழைய வெள்ளை விளக்கும் அணைந்து
பீப்பும் நின்றுவிட்டது.
அன்றைக்கு நான்
பேச்சு மூச்சில்லாமல் இருட்டில் பின்னால் வந்தேன்,
தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி,
மழையில்.

பிறகுதான் ரிலே.
கட்டைவிரல் அளவு கறுப்புப் பெட்டி, எட்டு வெள்ளி.
ரிவர்ஸ் வயரிலிருந்து மெல்லிய இழை ஒன்று
அதற்குச் சேதி மட்டும் சொல்லும்.
பாரம் சுமப்பது
பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயர்,
தனக்கென ஒரு பியூஸோடு.
எர்த்துக்குச் சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டினேன்.
நீலத்துக்கடியில் பச்சை.
இந்த லோரி யாருக்கோ
பச்சையாக இருந்திருக்கிறது.
இன்னும் சுரண்ட, இரும்பு.

கியரைப் போட ஓர் ஆள் வேண்டும்.
இரவு வேலை முடிந்து வந்த மேல்வீட்டு நர்ஸ் ஹேமலோஷினி
சீருடையோடு ஏறி உட்கார்ந்தாள்.
'எதை அமுக்கணும்?'
சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கீழே படுத்து,
'கிளச்ச மிதிச்சு ரிவர்ஸ்' என்றேன்.
நகம் சுண்டியது போல
டிக்.
என் முகம் மஞ்சளானது, இருண்டது, மஞ்சளானது.
மேலிருந்து அவள் கேட்டாள்:
'உயிர் இருக்கா?'
'இருக்கு.'

செவ்வாய், மூன்று மணி.
கோஸ் இலைகள் மிதக்கும் ஈரத் தரையில்
மஞ்சள் போய் அவன் காலடியில் விழுந்தது.
அவன் நிமிரக்கூட இல்லை.
வண்டியை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான் பார்த்தான்.
இரண்டு கைகளையும் தூக்கி
விரல்களைக் குவித்து, விரித்து,
குவித்து, விரித்தான்.

நன்றி என்று நினைத்தேன்.
'இல்லங்க' என்றாள் கோமளவல்லி,
'அது நீங்க.
நீங்க லீவு போட்ட அன்னிக்கும்
அப்படித்தான் கேட்டுக்கிட்டு இருந்தான்,
கோஸ் லோரி எங்கேன்னு.'

ஒரே பெட்டியில் வந்த விளக்குகள்தான்.
ஆனால் இடப்பக்கத்தில் தண்ணீர் புகுந்ததோ என்னவோ,
இப்போதெல்லாம் அது கொஞ்சம் பிந்தி மின்னுகிறது.
மாற்ற வேண்டும்.
நேற்று வாசலருகே அவன் என்னைக் கூப்பிட்டபோது
கவனித்தேன்,
அவன் இடது கையும் பிந்துகிறது.