ஒரு கார்பன் தள்ளி

நவம்பரில் கோதன்பர்க்குக்கு
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
கடலோரக் கடைசி நிறுத்தத்தில்
நான் டிராமைத் திருப்பும் நேரம்
இல்வா இன்னும் ஆய்வகத்தில் இருப்பாள்,
காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள்
முழங்கை வரை கைவிட்டபடி.

முதல் பாலிமர் கரையவில்லை.
குளோரோஃபார்மில் ஒரு நாள் ஊறியது.
மறுநாள் இன்னும் கடுமையான ஒன்றில் கொதித்தது.
குடுவையின் அடியில் செங்கல் பொடிபோல்
கறுத்து, பிடிவாதமாய்.
"மையாக ஓடினால்தான் பூச முடியும்,
பூச முடியாவிட்டால் அது குறைக்கடத்தி இல்லை,
அழுக்கு" என்றாள்,
தட்டிலிருந்த மீனைத் தொடாமல்.

இரண்டாவது கரைந்தது.
வெண்ணெயாய்க் கரைந்தது.
கொழுத்த கிளைகளைச் சங்கிலியின் தோளிலேயே
ஒட்டிவைத்திருந்தாள்;
ஒரு சங்கிலியை இன்னொன்றின் பக்கத்தில்
அண்டவிடவில்லை அவை.
மின்னோட்டம்?
யாருமில்லாத நிறுத்தத்தில்
கதவு திறந்து மூடுவதுபோல
முள் ஒருமுறை அசைந்தது.

எனக்குப் புரிகிறது என்றேன்.
ஒரே தடத்தில் வேகமாய்ப் போய்விடலாம்.
இறங்கி அடுத்த வண்டிக்குத் தாவும் இடத்தில்தான்
நேரம் போகிறது.
நடைமேடைகளை நெருக்கி வை.

அவள் சிரிக்கவில்லை.
"உன் பயணிக்கு ஊர் தெரியும். இதற்குத் தெரியாது.
இது உட்கார்ந்த இடத்தில்
தண்டவாளமே வளைந்து கொடுக்கிறது."
என் பணிநேரத் தாளைத் திருப்பிப்போட்டு வரைந்தாள்:
ஐங்கோணங்கள், மூலைக்கொரு கந்தகம்,
கீழே தொங்கும் வால்கள்.
வால் கிளைபிரியும் கவட்டில் பேனாவை வைத்து
வெகுநேரம் அப்படியே இருந்தாள்.
பிறகு அந்தக் கவட்டை
ஒரு கார்பன் தள்ளி வரைந்தாள்.

ஒன்றே ஒன்று.
அதற்கு ஏழு வாரம்.
அந்த வால் எந்தக் கடையிலும் இல்லை, அவளே செய்தாள்.
பாதி வீணானது. கால்வாசியை எஸ்கில் தட்டிவிட்டான்.
மிச்சத்தில் சிட்டிகை பல்லேடியம், நூற்றுப்பத்து டிகிரி.
ஆரஞ்சு சிவந்து, சிவப்பு ஊதாவாகி,
ஊதா மயில்கழுத்தானபோது
எனக்குச் செய்தி வந்தது: "நிறம்."
அவ்வளவுதான்.

சூட்டில் கரைந்தது, ஆறியதும் களியாய் உறைந்தது.
எஸ்கில் தலையில் கைவைத்துக்கொண்டான்.
அவள் உறைந்ததை மறுபடி அடுப்பில் ஏற்றி
சூடாகவே பிளாஸ்டிக் தாளில் ஊற்றிச் சுழற்றினாள்.
இருபதில் மூன்று வேலை செய்தன.
மூன்றும் நன்றாகவே.

அன்றிரவு என் வண்டியிலேயே தூங்கிப்போனாள்.
மேல்கம்பியில் உறைந்த பனி
நீலப் பொறியாய்த் தெறித்துக்கொண்டே வந்தது.
கடைசி நிறுத்தத்தில் எழுப்பவில்லை,
திரும்பிப் போகும் வண்டியும் என்னுடையதுதானே.

பணிநேரத் தாள் மட்டும் திரும்பி வரவில்லை.
ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம், படம் வெளியே தெரிய.
சனிக்கிழமை எத்தனை மணிக்கு எனக்கு வேலை என்று
எஸ்கிலுக்குத் தொலைபேசியில் அழைத்து,
தாளை உரித்துப் பின்பக்கம் பார்க்கச் சொன்னேன்.